புத்தகம் சரியா, பெட்டி சரியா

லாம்பெத், லண்டன்
9 மார்ச் 1847

அன்புள்ள தம்பி ஜொனத்தனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இங்கே சுகம். எடின்பரோ குளிரில் உன் இருமல் தணிந்ததா? உன் மனைவி ஆக்னஸ் நன்றாகச் சாப்பிடுகிறாளா?

அத்தானின் இயந்திரம் முடிந்துவிட்டது. பட்டறை நடுவில் பித்தளைத் தூண்களாக நிற்கிறது. ஒவ்வொரு தூணிலும் எண் பொறித்த சக்கரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சக்கரம் அடுத்ததைத் தள்ளி, எல்லாம் கூட்டி, வாய்ப்பாட்டின் அடுத்த எண் தானே வந்து நிற்கிறது. வந்த எண்ணை ஈயத் தகட்டில் அழுத்தியும் விடுகிறது. அந்தத் தகட்டை நேராக அச்சுக்குக் கொடுத்துவிடலாம். கணக்குப் போடுகிறவனுக்குத் தூக்கம் வந்தாலும், அச்சுக் கோப்பவனுக்குக் கண் மங்கினாலும் இனி எண் கெடாது.

கைப்பிடி சுற்றுவது நான்தான். "உன் தோளுக்கு இருக்கிற பொறுமை எந்த ஆம்பளைக்கும் கிடையாது" என்கிறார் உன் அத்தான் சைலஸ். பாராட்டா, வேலை வாங்கும் தந்திரமா, தெரியவில்லை.

அடுத்த மாதம் அரசாங்கக் குழு பார்க்க வருகிறது. பித்தளை கொடுத்தது அவர்கள்தான். மனதுக்குப் பிடித்துவிட்டால் கப்பல்களுக்கான வாய்ப்பாடுகள் எல்லாவற்றையும் இதிலேயே போடச் சொல்வார்கள். குழுத் தலைவர் சர் ஹம்ஃப்ரி ஓக்லி, சோதனைக்கு எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டனுப்பினார். உன் மடக்கை வாய்ப்பாடு, அந்த லாகரிதம் புத்தகம் என்று நான்தான் சொன்னேன். நடுக்கடலில் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மாலுமிகள் எல்லோரும் உன் புத்தகத்தைத்தானே புரட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் செய்ததும் என் தம்பி எழுதியதும் ஒரே எண்ணைச் சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

குழுவில் உனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வை.

அன்புடன் அக்கா,
ஹெஸ்டர் கார்ன்


எடின்பரோ
14 மார்ச் 1847

என் அன்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆக்னஸுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இருமல் போய்விட்டது. சந்தோஷத்திலேயே போயிருக்கும் என்கிறாள்.

அத்தானுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். கல்யாணத்தன்று கூட அவர் சட்டைப்பையில் ஒரு பல்சக்கரம் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

என் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. கணிப்பாளர்கள் இருவரை வெவ்வேறு அறையில் உட்கார வைத்து, இருவர் கணக்கும் ஒத்துப்போன பிறகே ஒவ்வொரு எண்ணையும் ஏற்றேன். அதில் ஒரு பிழை காட்டுகிறவனுக்கு என் தொப்பியைத் தருவேன் என்று வகுப்பில் சொல்வது வழக்கம். தொப்பி இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. அத்தானின் இயந்திரம் என் புத்தகத்தோடு ஒத்துப்போனால் அது தேறிவிட்டது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். சர் ஹம்ஃப்ரிக்கு இன்றே எழுதுகிறேன்.

அந்த நாள் எப்படிப் போயிற்று என்று அன்றைக்கே எழுத வேண்டும்.

பாசத்துடன்,
ஜொனத்தன்


லாம்பெத்
23 ஏப்ரல் 1847

அன்புள்ள ஜொனத்தன்,

நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். எனக்கு எழுத உட்காரவே பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நேற்றுக் குழு வந்தது. நான் சுற்றினேன், எங்கள் பட்டறை ஃபிட்டர் டாலிவர் தகடுகளை எடுத்து மையிட்டு அச்சடித்துக் கொடுத்தார். சர் ஹம்ஃப்ரியின் எழுத்தர் உன் புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். முதல் பக்கம் முழுக்கச் சரி. எல்லோரும் தலையாட்டினார்கள். நடுவில் ஓர் இடத்தில் எழுத்தர் நிறுத்தி, "இது ஒத்துவரலையே" என்றான். இன்னும் சில பக்கம் தள்ளி மறுபடியும் ஒன்று. பிறகு இன்னொன்று.

சர் ஹம்ஃப்ரி மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க தம்பி புத்தகம் சரியா, உங்க புருஷன் பெட்டி சரியா? ரெண்டுல ஒண்ணைத்தானே நம்ப முடியும்?"

"எங்கயாவது சக்கரம் வழுக்கியிருக்கும். மறுபடி சுத்தலாம்" என்றேன்.

"சுத்துங்க, சுத்துங்க. காபிக்கொட்டை போட்டுச் சுத்தினா வீட்டுக்காவது ஆகும்."

கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பித்தளை கொடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பைக் காபி அரைக்கச் சொல்வதா?

எனக்குப் புரியாதது சைலஸ்தான். அச்சான தாளை வாங்கி ஜன்னலருகே போய் நின்று நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மிஷின்ல கோளாறுன்னு ஒத்துக்கிறீங்களா மிஸ்டர் கார்ன்?" என்று கேட்டதற்கு, "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

நீ சர் ஹம்ஃப்ரிக்கு எழுது. புதிய இயந்திரத்தில் ஆரம்பத்தில் இப்படி வருவது சகஜம், இன்னொரு சோதனை வைக்கலாம் என்று எழுது. உன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது.

ஹெஸ்டர்


எடின்பரோ
11 ஜூன் 1847

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தேர்வு வேலைகள். இங்கே ஓயாத மழை. ஆக்னஸ் கருவுற்றிருக்கிறாள், சற்றுத் தலைசுற்றல், மற்றபடி சுகம்.

நடந்ததற்கு வருந்துகிறேன். அத்தான் திறமைசாலி. ரயில்வே பட்டறைகளில் இப்போது இப்படிப்பட்டவர்களைத் தேடுகிறார்கள். விசாரித்துச் சொல்லட்டுமா?

அன்று அச்சான தாள்கள் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா? வைத்திருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் மனம்தான் வாடும்.

ஜொனத்தன்


லாம்பெத்
5 ஜூலை 1847

அன்புள்ள தம்பிக்கு,

ஆக்னஸ் செய்தி கேட்டு இருவருக்கும் சந்தோஷம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் காய்ந்த ரொட்டித் துண்டு கொடு, தலைசுற்றல் நிற்கும்.

ரயில்வே வேலை வேண்டாம். நான் கேட்டது இன்னொரு சோதனை. அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. சர் ஹம்ஃப்ரிக்கு எழுதினாயா?

நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. இயந்திரத்தால் பயனில்லை. கலைத்து, பித்தளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று அறிஞர்களின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்கிறார்கள். மூவரில் ஒருவர்கூட எங்கள் பட்டறை வாசலை மிதித்ததில்லை. கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மனிதனை இல்லையென்று ஆக்கிவிட்டார்கள். எந்தத் தைரியத்தில்?

யார் அந்த மூவர்? உன் வட்டாரத்து ஆட்களாகத்தான் இருக்கும். உனக்குத் தெரியாமல் இருக்காது. பெயரை மட்டும் எழுது. நான் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, வந்து பாருங்கள், பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்று கூப்பிடப் போகிறேன்.

சைலஸைக் கேட்டால், "விடு ஹெஸ்டர், அவங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்கிறார். இத்தனை வருடத்தில் அவர்மேல் எனக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை.

அக்கா


எடின்பரோ
20 செப்டம்பர் 1847

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் நலம். உப்பிட்ட ஹெர்ரிங் மீன் ஒரு பீப்பாய் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்குப் பிடிக்கும்.

குழுவின் காரியங்கள் வெளியே பேசக்கூடாதவை. தயவுசெய்து கேட்காதீர்கள். குளிர்காலம் முடியும்வரை நீங்கள் இருவரும் இங்கே வந்து தங்குங்கள். இடத்தை மாற்றினால் மனமும் மாறும்.

ஜொனத்தன்


லாம்பெத்
8 அக்டோபர் 1847

ஜொனத்தன்,

பீப்பாய் வந்தது. பக்கத்துத் தெரு அநாதை விடுதிக்குக் கொடுத்துவிட்டேன்.

பித்தளையை எடுத்துப்போக வண்டிக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். அதற்குள் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று டாலிவர்தான் சொன்னார். சைலஸ் வெளியே போயிருந்த நேரம். அன்று தப்பிப்போன அதே பகுதியைச் சுற்றினேன். அதே எண்கள் வந்தன. சக்கரங்களை எல்லாம் கழுவித் துடைத்து மறுபடி சுற்றினேன். அப்போதும் அதேதான். வழுக்குகிற சக்கரம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலா வழுக்கும்?

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விட்பியில் நம் வீட்டுச் சமையலறை மேசையில் அப்பா நம் இருவருக்கும் சேர்த்துத்தானே மடக்கை சொல்லிக் கொடுத்தார். முதல் எண்ணைக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். பெட்டி சரி. இரண்டாவதிலும் பெட்டி சரி. உன் புத்தகம் தப்பு. ஓர் எண்ணில் மூன்றாவது இலக்கமே தப்பு, ஜொனத்தன். அதை நம்புகிற கப்பல் தான் இருக்கும் இடத்துக்குப் பல மைல் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொண்டு கரையை நோக்கிப் போகும்.

சைலஸ் வந்ததும் தாளை அவர் முன் வைத்தேன்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. ஜன்னல்கிட்ட நின்னு பாத்தப்பவே."

"அந்த ஆள் காபிக்கொட்டைன்னு சொன்னப்போ ஏன் வாயைத் திறக்கல?"

"உன் தம்பி புத்தகம். அத்தனை பேர் முன்னாடி உன்னையும் வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? அன்னைக்கே அவனுக்கு எழுதினேன். நீயே கண்டுபிடிச்ச மாதிரி நீயே திருத்திச் சொல்லிடு மச்சான், உன் பேரும் கெடாது, என் மிஷினும் பொழச்சுக்கும்னு எழுதினேன்."

"என்ன பதில் வந்துது?"

"குழுகிட்டேருந்துதான் வந்துது. மூணு பேர்ல அவனும் ஒருத்தன். சர் ஹம்ஃப்ரியே சொன்னாரு, உங்க மச்சானே வேண்டாம்னு எழுதிட்டாரே, நாங்க என்ன பண்றதுன்னு."

ஜூலையிலேயே அவருக்கு இது தெரியும். என் காதில் விழக்கூடாது என்று இத்தனை நாள் மென்று விழுங்கியிருக்கிறார். நான் அவரைக் கோழை என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பெயரைக் கேட்டேனே உன்னிடம். மூன்று பெயரையும் கேட்டேனே. படித்துவிட்டு மீன் அனுப்பினாய்.

ஹெஸ்டர்


எடின்பரோ
11 அக்டோபர் 1847

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த மணி நேரத்திலேயே எழுதுகிறேன். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

எந்தப் பெரிய வாய்ப்பாட்டிலும் சில பிழைகள் இருக்கும். அடுத்த பதிப்பில் அமைதியாகத் திருத்திவிடலாம். மாலுமிகள் வானத்தையும் கரையையும் பார்த்துப் போகிறவர்கள், ஓர் எண்ணை மட்டும் நம்பிப் போகிறவர்கள் அல்லர். என் கருத்தில் நான் பொய் எழுதவில்லை. கணிப்பாளர்கள் கிடைக்கும்போது இயந்திரம் அவசியமில்லை என்று மட்டுமே எழுதினேன்.

தலைமைப் பேராசிரியர் பதவிக்கு என் பெயர் வசந்த காலத்தில் அறிஞர் சபைக்குப் போகிறது. ஆக்னஸ் வயிற்றில் குழந்தையோடு இருக்கிறாள். நீங்கள் பத்திரிகைக்குப் போனால் எங்கள் வீடு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அத்தானே பெருந்தன்மையாக விட்டுவிட்டார். நீங்களும் விட்டுவிடக் கூடாதா?

உங்கள் தம்பி


லாம்பெத்
2 டிசம்பர் 1847

ஜொனத்தன்,

ஆக்னஸுக்கு நல்லபடியாகப் பிரசவமாகட்டும். அதை மனதார எழுதுகிறேன்.

அத்தான் விட்டுவிட்டதைப் பற்றிப் பேச உனக்கு வாயில்லை. அவர் விட்டது தன்னுடையதை. கடலில் போகிறவன் உயிரை விட்டுக்கொடுக்க அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. அதை அவரிடமே சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, "சரி, பாக்கிப் பக்கத்தையும் சுத்திடுவோம்" என்றார்.

வண்டி வரும்வரை டாலிவரையும் சேர்த்து மூவரும் மாறி மாறிச் சுற்றினோம். உன் புத்தகம் முழுவதையும் ஓட்டிவிட்டோம்.

பிறகு வண்டிக்காரர்கள் சுத்தியலோடு வந்தார்கள். சைலஸ் திருப்புளியை நீட்டி, "எல்லாத்துக்கும் திருகாணி இருக்குப்பா, கழட்டினா வந்துடும், அடிக்க வேண்டாம்" என்றார். "உருக்கத்தானே போறாங்க பெரியவரே" என்று சொல்லி அடித்தார்கள். அவர் தெருவுக்குப் போய்விட்டார். நான் நின்று பார்த்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பத்திரிகைக்கும் போனேன். ஒரு பேராசிரியர்மேல் பட்டறைக்காரர் மனைவி சொல்லும் புகாரைப் போட முடியாது என்றார் ஆசிரியர். ஆகவே வாப்பிங்கில் கடல் வரைபடம் விற்கும் மிஸஸ் ஓர்மிடம் போனேன். ரஸ்க் என்ற கேப்டன் கடையில் நின்றிருந்தார். உன் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷம் சில்லித் தீவுகிட்ட என் கப்பல் பாறையில மோதப் பாத்துது. கணக்குப் போட்டவன்தான் தப்புன்னு நெனச்சு என் துணை அதிகாரியை வேலையை விட்டு அனுப்பினேனே."

மிஸஸ் ஓர்ம் தன் செலவிலேயே ஒரு திருத்தத் தாள் அடித்தாள். இப்போது அவள் கடையில் உன் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தாளையும் ஒட்டித்தான் கொடுக்கிறாள். தாளின் தலையில், சைலஸ் கார்னின் இயந்திரம் கணக்கிட்டது என்று போட்டிருக்கிறது. உன்னைத் திட்டி ஒரு சொல்லும் இல்லை. அவர் போட விடவில்லை.

ஹெஸ்டர்


எடின்பரோ
20 பிப்ரவரி 1848

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். குழந்தைக்கு ஹெஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

என் வாய்ப்பாட்டின் புதிய பதிப்பு வந்துவிட்டது. பிழைகள் அனைத்தும் திருத்தப்பட்டுவிட்டன. நீங்கள் விரும்பியது நடந்துவிட்டதால் இனி நமக்குள் எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

ஜொனத்தன்


லாம்பெத்
6 மார்ச் 1848

ஜொனத்தன்,

குழந்தைக்கு என் ஆசிகள். ஆக்னஸை வெளிக்காற்றில் அதிகம் நடக்க விடாதே.

உன் புதிய பதிப்பை மிஸஸ் ஓர்ம் கொடுத்தனுப்பினாள். முன்னுரையை வாசித்தேன். "ஆசிரியர் தாமே மீண்டும் கணக்கிட்டுக் கண்டறிந்த சில பிழைகள்" என்று எழுதியிருக்கிறாய். நான் வாசித்ததை சைலஸ் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி எங்கள் தாளோடு ஒப்பிட்டவர், நடுவில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இயந்திரம் போனபின் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

முதலில் அடித்த திருத்தத் தாளில் ஓர் எண்ணின் கடைசி இலக்கத்தை அச்சுக்காரர் கையால் கோத்தபோது தலைகீழாகச் செருகிவிட்டார். 6 இருக்க வேண்டிய இடத்தில் 9. எந்தக் கப்பலையும் அது ஓர் அடி நகர்த்தாது என்றாலும் கண்ணில் பட்டதும் வேறு தாள் அடித்துவிட்டோம். உன்னிடம் வந்தது பழைய தாள் போலிருக்கிறது. உன் புத்தகத்தில் 9 இருக்கிறது. தாமே மீண்டும் கணக்கிட்ட ஆசிரியருக்கு அந்த 9 எங்கிருந்து கிடைத்தது?

இத்தனைக்குப் பிறகும் நீ பென்சிலைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் வேலையை எடுத்துக்கொண்டாய். அதற்கு ஈடாக உன் மகளுக்கு என் பெயரை வைத்தாய். நான் பச்சைக் குழந்தையைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

இருபத்தோராம் தேதி அறிஞர் சபை கூடுகிறதாமே. நாங்கள் இருவரும் வருகிறோம். இரண்டு தாளும், இரண்டு பதிப்பும் கையில் இருக்கும். முதலில் பேச உனக்கு இடம் விடுவோம். சைலஸ் உனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கொடுத்தார். நான் அன்று சாயங்காலம்வரை தருகிறேன்.

ஹெஸ்டர் கார்ன்


லீத் தெரு விடுதி, எடின்பரோ
22 மார்ச் 1848

ஜொனத்தன்,

நேற்று நீ பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டதால் இதை விடுதிப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் மேலே பெண்கள் வரிசையில் இருந்தேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து நின்று, "என் திருத்தங்கள் என்னுடையவை அல்ல. லண்டனில் ஓர் இயந்திரம் கணக்கிட்டவை" என்றாய். பக்கத்தில் இருந்த அம்மாள், "இயந்திரம்னா தானா மொளச்சுதா? செஞ்சவனுக்குப் பேர் இல்லையா?" என்று முணுமுணுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கீழே கடைசி வரிசையில் சைலஸ் எழுந்தார்.

"பேரையும் சொல்லுங்க மச்சான்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நீ அவரைப் பார்த்தாய், பிறகு தரையைப் பார்த்தாய்.

"சைலஸ் கார்ன். என் அக்கா வீட்டுக்காரர். அவர் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சும் அந்த மிஷின் வேண்டாம்னு நான் எழுதிக் கொடுத்தேன்."

அது போதும். அதற்குமேல் உன்னை நிற்க வைத்துப் பார்க்க எனக்கும் ஆசையில்லை. பதவி வேறொருவருக்குப் போய்விட்டது என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷமில்லை, வருத்தமும் இல்லை.

சபைத் தலைவர் சைலஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க எப்போ வந்து அந்த மிஷினைப் பார்க்கலாம்?" என்று கேட்டார்.

"உருக்கிட்டாங்க ஐயா" என்றார் சைலஸ்.

உனக்கு அது கேட்டிருக்காது. நீ போய்விட்டாய்.

மத்தியானம் குழந்தையைப் பார்க்க வருவேன். ஆக்னஸிடம் சொல்லி வை. அந்த நேரத்தில் நீ வீட்டில் இருக்க வேண்டியதில்லை. உன் முகம் பார்த்துப் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை, வருகிற அன்று நானே எழுதுகிறேன்.

சர் ஹம்ஃப்ரிக்குச் சபை ஒரு மனு எழுதப் போகிறதாம். அதில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். வரைபடங்கள் எல்லாம் லாம்பெத்தில் பத்திரமாக இருக்கின்றன. டாலிவர் இருக்கிறார், என் தோளிலும் வலுவிருக்கிறது. பித்தளைதான் இல்லை. கேட்டு வாங்கிக் கொடு.

உன் அக்கா,
ஹெஸ்டர்